காபி குடிக்க வந்தவர்கள்

தென்காசிக்கும் சுரண்டைக்கும் நடுவில், சாரல் காலத்தில் மட்டும் பச்சையாகவும் மற்ற மாதங்களில் சுண்ணாம்பு நிறத்திலும் இருக்கும் நெல்லிமடை என்கிற ஊரில், முப்பிடாதியம்மாளின் இளைய மகள் உலகம்மாள் கல்லூரிப் பாடத்துக்காக ஒரு காகிதக் கப்புக்குப் படம் வரைந்தாள். அந்தக் கப்பில் காபி குடித்தவர்களைத் தேடி எங்கெங்கோ இருந்த ஆட்கள் பல்லைக்கூட முழுசாகத் தேய்க்காமல் பஸ் ஏறி வந்தார்கள். வந்தவர்களை ஊர் உட்கார வைத்தது, சர்க்கரை போடலாமா என்று கேட்டது, மதியச் சாப்பாடு போட்டு அனுப்பியது. ஆறு வாரம் இப்படி நடந்தது.

உலகம்மாளை வீட்டில் உலகு என்பார்கள். கோயம்புத்தூரில் டிசைன் படிப்பு, மூன்றாம் வருஷம். அவளுடைய பேராசிரியர் இன்பராஜ், தலைமுடியைப் பின்னால் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு, தாடியை முன்னால் அவிழ்த்துவிட்டிருப்பவர். அவர் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார்.

"ஒரு ஆள் காபி குடிக்க அஞ்சு நிமிஷம் ஆகும். அந்த அஞ்சு நிமிஷம் கப் அவன்கூடப் பேசணும், அவன் கப்கூடப் பேசணும். குடிச்சு முடிச்சா தூக்கி எறிய மனசு வரக் கூடாது."

உலகு முதலில் கப்பைச் சுற்றி வழி கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றை வரைந்தாள். இன்பராஜ் வழியைத் தேடிக் கப்பைச் சுற்றிச் சுற்றி, கடைசியில் காபியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். அடுத்து வெளியே விடுகதையும் அடியில் விடையும் எழுதினாள். விடை பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்தார். அதுவும் சட்டைக்குத்தான் போயிற்று. மூன்றாவது கப்பை அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வாங்கிப் பார்த்து, "இதுல ஒண்ணுமே நடக்கலையே" என்றார்.

நான்காவதாகத்தான் இந்தக் கப். ஒரு காபிக் கடை பெஞ்சு, அடியில் சுருண்டு கிடக்கும் நாய், பின்னால் கிளம்பலாமா வேண்டாமா என்று நிற்கிற பஸ், மேலே நான்கு காகம். பெஞ்சில் ஓர் உடம்பு உட்கார்ந்திருக்கும். தோள் உண்டு, கை உண்டு, கையில் காபி உண்டு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் முட்டை மாதிரி ஒரு வெள்ளை வட்டம். கீழே ஒரு வரி: "எதிரில் இருப்பது யார்? வரையுங்கள்."

இன்பராஜ் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஐநூறு கப் போடு, நிஜ ஆளுங்க கையில குடு, என்ன செய்யிறாங்கன்னு எழுதிக்கிட்டு வா. ஒரு கப் மட்டும் தொடாம எனக்குக் கொண்டு வரணும். அது இல்லாட்டி மார்க் கிடையாது" என்றார்.

உலகுக்குக் கப் போடுவது சிரமமில்லை. அவள் வீட்டு முன்னறையிலேயே கப் மிஷின் இருந்தது. அப்பா காலமானதற்கு அப்புறம் முப்பிடாதியம்மாள் அந்த மிஷினை ஓட்டித்தான், சுற்று வட்டாரத்து டீக்கடைகளுக்கெல்லாம் கப் கொடுத்து, உலகுவைப் படிக்க வைத்தாள். மூத்தவள் ஆனந்தவல்லி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த மிஷினை மாட்டிக் கொடுக்கக் கேரளத்துப் புனலூரிலிருந்து ஷாஜி என்று ஒரு மெக்கானிக் வந்தான். பதினோரு நாளில் மிஷினை மாட்டினான், பன்னிரண்டாம் நாள் வல்லியைக் கூட்டிக்கொண்டு போனான். அதிலிருந்து மிஷின் மக்கர் செய்யும்போதெல்லாம் முப்பிடாதியம்மாள் வெளியாளைக் கூப்பிடுவதில்லை. ஸ்பேனரைக் கையில் எடுத்து, ஷாஜியையும் அவன் பரம்பரையையும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு வசவாகத் திட்டிக்கொண்டே தானே சரி செய்துவிடுவாள். வல்லியைப் பற்றி நல்லதாகவும் ஒரு வார்த்தை இல்லை, கெட்டதாகவும் ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் புனலூரை விட்டும் எங்கோ போய்விட்டதாகக் கேள்வி. போன் நம்பர் இல்லை, போட்டோ இல்லை, வீட்டில் இருந்த பழைய போட்டோக்களில் வல்லி நின்ற பக்கம் மட்டும் கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தது.

சிவகாசியில் அச்சடித்து வந்த தாள்களை முப்பிடாதியம்மாள் ஒரே நாளில் ஐநூறு கப்பாக்கிக் கொடுத்தாள். "மூஞ்சி இல்லாத படத்துக்கு மார்க்கு போடுதவன் என்ன வாத்தியாரோ" என்று ஒரு கப்பைத் தூக்கிப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் பால்வண்ணம் காபிக் கடையில், முதல் கப்பை தபால்காரர் கிரகோரி வாங்கினார். ஒரு டம்ளர் நிறையப் பென்சில் துண்டுகளை உலகு பக்கத்தில் வைத்திருந்தாள். கிரகோரி பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு, தன் மச்சினன் செல்லத்துரையை வரைந்தார். கிறிஸ்துமஸில் ஒரு சண்டை, அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை, நேரில் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று ஆறு மாதமாக அந்த இரண்டு கேள்விகளையும் பாராமல் படித்து வைத்திருந்தார். படம் செல்லத்துரை மாதிரி இல்லை. ஒரு காது அப்பளம் அளவுக்கு வந்துவிட்டது. கண் இரண்டும் நெருங்கிப்போய் மூக்கைக் காவல் காத்துக்கொண்டிருந்தன.

"எண்ணே, நல்லாருக்கு" என்றாள் உலகு, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே.

கிரகோரி காபியை ஊதினார். ஆறவில்லை. மறுபடி ஊதினார். "ஏ பால்வண்ணம், இது காபியா அடுப்பா?" என்றார். கடைசியில் கப்பை ஒரு கையில் பிடித்தபடியே நாலு தெருவுக்குத் தபால் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் ஆவி அப்படியே பறந்துகொண்டிருந்தது. எட்டேகாலுக்கு அம்பாசமுத்திரம் பஸ் வந்து நின்றது. அப்பளக் காதும் நெருங்கிய கண்ணுமாக ஒருவர் இறங்கி, நேரே வந்து கிரகோரிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"நான் சடகோபன். கல்லிடைக்குறிச்சி. வாய் கொப்பளிச்சுக்கிட்டு இருந்தேன், நெல்லிமடையில போயி ஒரு காபி குடிக்கணும்னு தோணிச்சு."

"சர்க்கரை போடலாமா?" என்று கேட்டார் பால்வண்ணம்.

"அரை."

கிரகோரி கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். ஆள் தப்புதான்; ஆனால் ஆறு மாதமாகப் படித்து வைத்த கேள்விகளை வேறு எங்கே கொண்டுபோய் இறக்குவது? "என் தங்கச்சியை நாலு பேர் முன்னால நீரு அப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டார். சடகோபன் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் போன வருஷம் அவருடைய மனைவியின் அண்ணன் முன்னால் எதையோ சொல்லிவிட்டு, அதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்காதவர். "தப்புதான். வாய் தவறிட்டு. மனசுல வச்சுக்கிடாதிய" என்றார். கிரகோரிக்கு இரண்டாவது கேள்வி மறந்துபோயிற்று. அந்த நேரத்தில் காபியும் குடிக்கிற பதத்துக்கு வந்துவிட்டது.

ஒரு வாரத்தில் ஊர் முழுக்க விஷயத்தைப் புரிந்துகொண்டது. கப்பில் எந்த முகத்தை வரைகிறோமோ அந்த முகம் யாருக்கு இருக்கிறதோ அவர்தான் வருவார். நாம் யாரை நினைத்துக்கொண்டு வரைந்தோம் என்பது கப்புக்குத் தெரியாது. அவர் வருகிறவரை காபி ஆறாது. போட்டோவை வெட்டி ஒட்டினால் யாரும் வர மாட்டார்கள், காபியும் ஐந்து நிமிஷத்தில் ஆறிப்போகும். கையால் வரைய வேண்டும். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் நெல்லிமடைக்காரர்களுக்குத் தோன்றியது. படம் வரையத் தெரியாதது மட்டும்தான் பிரச்சினை.

ரேஷன் கடை மாடசாமி சினிமா நடிகர் ஒருவரை வரைந்தார். கடையநல்லூர் மாவு மில்காரர் வந்தார். வந்தவர் தன்னை யாரோ நடிகராக நினைத்து வரைந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வாரம் தவறாமல், யாரும் வரையாமலே வர ஆரம்பித்தார். சோம்பேறித்தனமாக ஒரு வட்டமும் அதற்குள் மூன்று புள்ளியும் வைத்தவரைத் தேடி, புளியங்குடியிலிருந்து நிலா போல உருண்டை முகமும் புள்ளி போன்ற கண்ணும் உள்ள ஒரு கல்யாணத் தரகர் வந்து, ஒரே காபியில் அவர் தங்கைக்கு வரன் சொல்லிவிட்டுப் போனார். கண்டக்டர்கள் "காபிக்கு வந்தவுகள்லாம் எறங்குங்க" என்று குரல் கொடுக்கப் பழகிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்து ஓவிய வாத்தியாருக்கு இருபது வருஷத்தில் முதல் தடவையாக மரியாதை வந்தது. அவர் திங்கள்கிழமை மூக்கு, செவ்வாய்க்கிழமை காது, புதன்கிழமை தாடை என்று பெரியவர்களுக்கு வகுப்பு எடுத்தார். கடைசி பஸ்ஸை விட்டவர்கள் தங்கக் கல்யாண மண்டபத்தில் பாய் போட்டார்கள். பஞ்சாயத்தில் தீர்மானமே போட்டார்கள்: யாரை யார் வரைந்தாலும் வரைந்தவர் வீட்டில்தான் வந்தவருக்கு மதியச் சாப்பாடு, ஆள் மாறி வந்துவிட்டார் என்று சாக்குச் சொல்லக் கூடாது.

அந்தத் தீர்மானத்தில் முதல் கையெழுத்துப் போட்ட தலைவி பொன்னுத்தாய்க்கே அந்த நிலைமை வந்தது. தண்ணீர்த் தொட்டி கேட்டு ஏழு மனு கொடுத்து அலுத்துப்போன அவர், காபியை ஊற்றிக்கொண்டு கலெக்டரையே வரைந்தார். கண்ணாடி மட்டும் அச்சு அசலாக வந்தது. பதினொரு மணிக்கு அதே கண்ணாடியோடு ஆலங்குளத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற அருள்மணி அம்மாள் வந்து இறங்கினாள். ஊர் ஏற்கெனவே கூடிவிட்டது. கலைந்து போகச் சொல்ல முடியாது. ஆகவே எல்லோரும் வரிசையாக வந்து தொட்டியைப் பற்றி அவளிடம் சொன்னார்கள். அருள்மணி அம்மாள் மூன்று மணி நேரம், நடுவில் ஒரு தடவைகூட மணி பார்க்காமல், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். "குடத்தைத் தூக்கிக்கிட்டு அம்புட்டுத் தூரமா நடக்கீக?" என்று கண் கலங்கினாள். எந்த அதிகாரியும் தங்களை இவ்வளவு நேரம் கேட்டதில்லை என்று ஊருக்கே மனசு நிறைந்துபோயிற்று. அந்த அம்மாள் ஊருக்குப் போய், தானே ஓர் இன்லேண்டு லெட்டரில் எட்டாவது மனுவை எழுதிப் போட, அதில் சமையல்கார எழுத்தில் கணக்கு வழக்கில்லாமல் திட்டும் இருந்ததாலோ என்னவோ, அடுத்த மாதம் தொட்டி கட்ட ஆள் வந்தது.

உலகு இதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி இன்பராஜுக்கு அனுப்பினாள். அவர் போனில் கத்தினார். "உலகம்மாள், நான் ரிப்போர்ட் கேட்டேன். கதை கேக்கலை. ஆளுங்க என்ன செஞ்சாங்களோ அதை மட்டும் எழுது."

"அதைத்தான் சார் எழுதியிருக்கேன்."

"காபி எட்டு மணி நேரம் சூடா இருந்துச்சுன்னு எழுதியிருக்கே. அது என்ன பேப்பர்?"

"எங்க அம்மா போட்ட கப் சார். சாதாரண பேப்பர்தான்."

அவர் போனை வைத்துவிட்டார். நாலு நாள் கழித்து, பால்வண்ணம் தன் சித்தியைப் பார்க்க ஆசைப்பட்டு, கொண்டை போட்ட அவள் முகத்தை வகுப்பில் படித்தபடி மூக்கு, காது, தாடை எல்லாம் சரியாக வரைந்தார். வரைந்து முடிக்கிற நேரத்தில் கப் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு டிகாக்ஷன் வழிந்து தாடையில் பரவி நின்றது. துடைக்கப் போனதில் இன்னும் பரவிற்று. காலையில் ஊற்றிய காபி மத்தியானம் தாண்டியும் கொதித்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மதுரை பஸ்ஸிலிருந்து, லுங்கியும் குளியலறைச் செருப்புமாக, சட்டைப் பையில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு, கொண்டையும் தாடியுமாக இன்பராஜ் இறங்கினார்.

"ஐயய்யோ, எங்க சித்திக்குத் தாடி மொளச்சிட்டுல்லா!" என்றார் பால்வண்ணம்.

உலகு ஓடி வந்தாள். "சார், நீங்களா?"

இன்பராஜ் தன் லுங்கியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து, "ஃபீல்டு விசிட்" என்றார்.

"சர்க்கரை போடலாமா சித்தி?" என்று கேட்டார் பால்வண்ணம். எட்டு மணி நேரமாகக் காத்திருந்த பழக்கத்தில் வாயில் அப்படியே வந்துவிட்டது. ஊரும் அன்றிலிருந்து பேராசிரியரைச் சித்தி சார் என்றே கூப்பிட்டது. அவரும் கல்யாண மண்டபத்தில் பாய் போட்டுத் தங்கி, வருகிற பஸ்ஸையெல்லாம் எண்ணிக் குறிப்பெழுதத் தொடங்கினார்.

இதற்கு நடுவில் உலகு வீட்டுக்கும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அதை உலகு முதலில் கவனிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பாவூர்சத்திரத்திலிருந்து, நெற்றி மட்டும் ரொம்ப அகலமான ஒரு தையல்காரப் பெண் வந்து வாசலில் நின்று, "காபி கிடைக்குமா?" என்று கேட்டாள். முப்பிடாதியம்மாள் மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்து, அவள் முகத்தை ஒரு நொடி பார்த்து, பிடித்திருந்த மூச்சை விட்டு, "வாங்க, உக்காருங்க" என்றாள். கேட்டதற்கு, தூரத்துச் சொந்தம் என்றாள். இரண்டு நாள் கழித்து, ஒரு கண் பெரிதும் ஒரு கண் சிறிதுமாக இன்னொருத்தி. அப்புறம் கழுத்தே இல்லாமல் ஒருத்தி. அப்புறம் வாய் கன்னத்துக்குப் பக்கமாக ஒதுங்கிப்போன, ஆனால் ரொம்ப இனிமையாகப் பாடுகிற ஒருத்தி. எல்லோருமே முப்பது வயதுக்குள். எல்லோருக்கும் முப்பிடாதியம்மாள் இட்லி அவித்துப் போட்டு, தலையில் பூ வைத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தாள்.

"யம்மா, நமக்கு இத்தனை தூரத்துச் சொந்தமா?"

"ஆமாட்டி. ஒனக்கு என்ன தெரியும்."

கடைசியில் கப்பை எண்ணிப் பார்த்தபோதுதான் பதினான்கு கப் கணக்கில் உதைத்தது. உலகு தேடினாள். மிஷினுக்குப் பின்னால், ஆயில் டப்பாவுக்கும் சுவருக்கும் நடுவில், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பதினான்கும் இருந்தன. பிரித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் அழுத்தி அழுத்தி, அழித்து அழித்து, பென்சில் பிடிக்கத் தெரியாத கை வரைந்த ஒரு முகம். அகல நெற்றி. ஏறு மாறான கண். ஒதுங்கிப்போன வாய். பதினான்கு முகத்திலும் மாறாமல் இடது மூக்கில் ஒற்றைக் கல் மூக்குத்தி.

வல்லி இடப் பக்கம்தான் மூக்குக் குத்தியிருந்தாள்.

முப்பிடாதியம்மாள் பின்னால் வந்து நிற்பதை உலகு அப்போதுதான் பார்த்தாள்.

"எனக்கு வரைய வரல" என்றாள் முப்பிடாதியம்மாள். "தெனமும் ஒருத்தி வாரா. ஒருத்தியும் அவ இல்ல. ஆனா என்ன, வந்த புள்ளைகளைப் பசியோடவா அனுப்ப முடியும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமுல்லா. நான் அதுக்குத்தானே படிக்கேன்?"

"எந்த வாயால சொல்லுவேன்?"

உலகு உடனே ஒரு கப்பை எடுத்தாள். அக்கா போனபோது அவளுக்குப் பதினோரு வயது. அக்காவின் முகத்தை அவள் மறந்ததே இல்லை. புருவத்துக்கு நடுவில் இருந்த சின்னத் தழும்பு, சிரிப்பதற்கு முன்பே உயர்ந்துவிடும் கன்னம், எல்லாம் வந்தது. முப்பிடாதியம்மாள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். காபி ஊற்றி இரண்டு மணி நேரத்தில் வாசலில் வல்லி வந்து நின்றாள்.

அதே தழும்பு, அதே கன்னம், அதே மூக்குத்தி. தோளில் காலேஜ் பை. பத்தொன்பது வயது.

"ஆன்ட்டி, நான் கடையத்துல நர்சிங் படிக்கேன். எதுக்கு வந்தேன்னு தெரியலை, காபி குடிக்கணும்போல இருந்துச்சு. பேரு ஜெனிபா."

முப்பிடாதியம்மாள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், இட்லி வைத்து, அவள் சாப்பிடுவதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனிபா ஆறு இட்லி சாப்பிட்டாள், ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிக் குறை சொன்னாள், பரீட்சை பயம் என்று சொன்னாள், முப்பிடாதியம்மாள் எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டினாள். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது சாரல் விழ ஆரம்பித்திருந்தது; இரண்டு பேரிடமும் குடை இல்லை.

"அவளுக்கு இப்ப இருபத்தெட்டு" என்றாள் முப்பிடாதியம்மாள். "இருபத்தெட்டுல அவ எப்படி இருப்பான்னு நமக்குத் தெரியாதுட்டி."

கப்பும் தீர்ந்துபோயிருந்தது. ஊர்க்காரர்கள் சிவகாசிக்கே ஆள் அனுப்பி அதே படத்தை அச்சடித்து வாங்கி வந்தார்கள். முப்பிடாதியம்மாளே போட்டுக் கொடுத்தாள். ஆனால் அந்தக் கப்புகளில் காபி ஐந்து நிமிஷத்தில் ஆறிப்போயிற்று, யாரும் வரவில்லை. ஊர் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐநூறு என்றால் ஐநூறுதான் என்றார்கள். அந்த ஐநூறில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, உலகுவின் பெட்டியில், பேராசிரியருக்காகத் துணியில் சுற்றி வைத்தது.

மறுநாள் காலை இன்பராஜ் அதை வாங்கிக்கொள்ள வீட்டுக்கு வந்தபோது, உலகு அதை அம்மாவின் முன்னால் வைத்திருந்தாள்.

"அது சப்மிஷன் கப்" என்றார் இன்பராஜ்.

"தெரியும் சார்."

"மார்க் போட முடியாது. விதி அப்படி."

"அரியர் வச்சுக்கிடுதேன் சார். அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கிடுதேன்."

அப்படியே ஆயிற்று என்பதையும் சொல்லிவிடலாம். எட்டு மணி நேரம் லுங்கியில் பஸ் பயணம் செய்தும் இன்பராஜ் விதியை மாற்றவில்லை. உலகு அந்தப் பாடத்தை மறு வருஷம் ஒரு பிஸ்கட் அட்டைப் பெட்டி செய்துதான் தேறினாள். ஆனால் அன்று காலை அவர் விதியைச் சொல்லி முடித்ததும் எழுந்து போகவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் சட்டைப் பையிலிருந்து நல்ல பென்சில் ஒன்றை எடுத்து முப்பிடாதியம்மாளிடம் நீட்டி, "இது மெத்துன்னு இருக்கும். அழுத்தாதீங்க" என்றார்.

முப்பிடாதியம்மாள் பென்சிலை வாங்கிக்கொண்டாள்.

"நெத்தியை ஆரம்பி யம்மா" என்றாள் உலகு.

"நெத்தி தெரியலைட்டி. கண்ணை மூடினா அவ நெத்தி வரல. மூஞ்சியே வரல. அதான் பதினாலு தடவையும் தப்பாப் போச்சு." அவள் குரல் தாழ்ந்தது. "அவ போனாள்லா, அன்னைக்கிக் காலம்பர, நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். தூங்கல. முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன். இந்த ஜன்னல்ல நின்னேன். அவ பையைத் தூக்கிக்கிட்டுத் தெருக்கோடி வரைக்கும் போனா. ரெண்டு எடத்துல நின்னா. திரும்பிப் பாக்கல, நின்னா அவ்வளவுதான். நான் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பா. வீம்புல நின்னேன். எனக்கு ஞாபகம் இருக்கது அவ முதுகுதான்."

"அப்ப அதையே வரைங்கம்மா" என்றார் இன்பராஜ்.

முப்பிடாதியம்மாள் வரைந்தாள். இந்தத் தடவை கை தயங்கவில்லை, ஒரு கோட்டையும் அழிக்கவில்லை. முட்டை போன்ற அந்த வெள்ளை வட்டத்துக்குள் ஒரு பின்னந்தலை, நடு வகிடு முடியும் இடத்தில் சுழி, இடப் பக்கம் சற்றே சாய்ந்த பின்னல், பின்னலுக்குப் பக்கத்தில் கழுத்தில் ஒரு மச்சம். ஒன்பது வருஷமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி அது வந்தது. உலகு காபியைக் கலந்து ஊற்றினாள்.

காபி ஆவி பறந்தது. ஒன்பது மணிக்கும் பறந்தது, பதினொன்றுக்கும் பறந்தது. செய்தி கேட்டு கிரகோரி வந்தார், அவரோடு அன்று எதேச்சையாக அப்பளக் கட்டோடு வந்திருந்த சடகோபன் வந்தார், பால்வண்ணம் கடையைப் பூட்டிவிட்டு வந்தார், பொன்னுத்தாய் வந்தார். எல்லோரும் தெருவில் நின்று, முதுகைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று மெல்லிய குரலில் விவாதித்தார்கள். பெண்கள் யாராவது தெருவில் திரும்பினால் உடனே எல்லோரும் சுற்றிப் போய் அவள் கழுத்தின் பின்புறத்தை எட்டிப் பார்த்தார்கள். பால்காரி ஒருத்தி கோபித்துக்கொண்டு போனாள்.

மூன்று மணிக்குச் செங்கோட்டை பஸ் போன சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் கடகடவென்று சக்கரச் சத்தம்.

ஒரு பெண் பின்பக்கமாக நடந்து வந்தாள். கல் பெயர்ந்த அந்தத் தெருவில் நேராக இழுத்தால் வராத ஒரு பெரிய சக்கரப் பெட்டியை, உடம்பைத் திருப்பிக்கொண்டு, ஒரு கையால் இழுத்து இழுத்து வந்தாள். இன்னொரு கையில், தோளில் கன்னத்தைச் சாய்த்தபடி நாலு வயதுப் பெண் குழந்தை. ஊர் விலகி வழி விட்டது. நடு வகிடு, சுழி, இடப் பக்கம் சாய்ந்த பின்னல், கழுத்தில் மச்சம். இடை மட்டும் கொஞ்சம் பெருத்திருந்தது.

அவள் வாசல்வரை வந்துவிட்டாள். பெட்டிச் சக்கரம் வாசல் படியில் மாட்டிக்கொண்டது. வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி அதோடு மல்லுக்கட்டினாள். அவள் தோளுக்கு மேலே கண் விழித்திருந்த குழந்தைதான் முப்பிடாதியம்மாளை முதலில் பார்த்தது.

"அம்மே, இங்க ஒரு ஆள் கரையுது" என்றது, அழுவதை அதன் மலையாளத்தில்.

பெட்டியை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது. ஆனால் அவள் திரும்பவில்லை. படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக அப்படியே நின்றாள்.

முப்பிடாதியம்மாள் வாயைத் திறந்தாள். உலகு அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏட்டி வல்லி" என்று கூப்பிட்டாள் முப்பிடாதியம்மாள்.

அவள் திரும்பினாள். நெற்றி அப்படி ஒன்றும் அகலமில்லை. கண் இரண்டும் ஒரே அளவு. வாய் இருக்க வேண்டிய இடத்தில் இருந்து நடுங்கிக்கொண்டிருந்தது. மூக்குத்தி இல்லை, எப்போதோ கழற்றிவிட்டிருக்கிறாள். அந்த முகத்தை நினைவிலிருந்து வரைந்திருக்க யாராலும் முடிந்திருக்காது.

"காலம்பர எந்திரிச்சதும் தோணிச்சு யம்மா" என்றாள் வல்லி. "காபி குடிக்கணும்னு."

முப்பிடாதியம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மகளைப் பார்த்தாள், தோளில் இருந்த பேத்தியைப் பார்த்தாள், படியில் மாட்டியிருந்த அந்தப் பெட்டியையும் பார்த்தாள்.

"ஒரு காபி குடிக்கவாட்டி இம்புட்டுப் பெரிய பெட்டி?"

"நான் என்ன செய்ய? எடுத்து வைக்கும்போதே கை நிறுத்த மாட்டேன்னுட்டு" என்றாள் வல்லி.